பேசிக்கொண்டே நடக்க ஏற்ற பாதைதானா? சிங்கப்பூர் சதர்ன் ரிட்ஜஸ், ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் தென்கரையை ஒட்டிய குன்றுகளைப் பாலங்களால் கோத்து அமைத்த 10 கிலோமீட்டர் நடைபாதை சதர்ன் ரிட்ஜஸ். மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா குன்று, ஹார்ட்பார்க், கெண்ட் ரிட்ஜ், லாப்ரடார் இயற்கைக் காப்பகம் எல்லாம் இதில் அடக்கம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. சுற்றுலாக் கையேடுகள் இதைப் படம் எடுக்கும் இடமாகவே விற்கின்றன. இங்கே கேள்வி வேறு. வேலை, வீட்டு வாடகை, பிள்ளையின் தேர்வு, ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பா என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் அன்றாடக் கவலைகளை ஒரு நண்பரோடு நடந்து இறக்கிவைக்க இந்தப் பாதை எந்த அளவுக்குப் பயன்படும்?

பாதிப் பாதை அருமையாகப் பயன்படும். மீதிப் பாதி கேமராவுக்குத்தான். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் கேமராவுக்கான அந்தப் பாதி என்பதால், முதல்முறை போகிறவர்கள் கூட்டத்திலும் வெயிலிலும் மாட்டிக்கொண்டு, வந்ததைவிடக் கூடுதல் எரிச்சலோடு திரும்புவது நடக்கிறது.

தூரத்தைவிட நேரம்தான் இங்கே கணக்கு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 38 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவினரை மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்திலும் மற்றவர்களைப் போக்குவரத்து நெரிசலான சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். ஒரே நினைப்பை அசைபோடும் பழக்கம் முதல் பிரிவினரிடம்தான் குறைந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று காட்டியது. அந்த 120 நிமிடம் ஒரே நாளில் சேர்ந்தாலும் சரி, பல நாளில் பிரிந்தாலும் சரி. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பேச்சு தடைபடாத வேகத்தில் ஹார்ட்பார்க் வரை நடந்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். அதாவது ஒரு சனிக்கிழமைக் காலையில் வாரக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். முழு 10 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முடிக்கப் போகிறவர்கள் கடைசி மூன்று கிலோமீட்டரில் கால்வலியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

கிழக்கிலிருந்து மேற்காக, ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தின் டி வாசலிலிருந்து. அங்கிருந்து சற்று நடந்தால் மராங் டிரெயில். சுமார் 800 மீட்டர்தான், ஆனால் அதற்குள் 70 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மின்தூக்கி நின்றுபோன வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் இருபது மாடிக்கு மேல் படியேறுவதற்குச் சமம். படிகள், வளைவுகள், இருபுறமும் மரநிழல்.

இந்த ஏற்றத்தை முதலிலேயே வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் எதிரி. மேற்கிலிருந்து வந்து களைத்துப்போன காலோடு இந்தப் படிகளில் இறங்கினால் மூட்டு மறுநாள் பதில் சொல்லும். இன்னொன்று பேச்சு சம்பந்தப்பட்டது. ஏறும்போது மூச்சு வாங்கும், வாய் தானாக மூடும். பேருந்திலும் ரயிலிலும் பேசிக்கொண்டு வந்த அரைகுறைப் பேச்சு அங்கே அறுந்துபோகும். உச்சிக்குப் போய் மூச்சு சீரான பிறகு தொடங்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். கனமான விஷயத்தை மராங் படிகளில் ஆரம்பிக்காதீர்கள். பாதி வாக்கியத்தில் மூச்சிரைத்து நிற்பவரிடம், "ம், அப்புறம்?" என்று கேட்பது இருவருக்குமே கொடுமை.

சரியான வேகத்துக்கு ஓர் எளிய அளவு இருக்கிறது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உலா; பேச முடியாவிட்டால் உடற்பயிற்சி. இரண்டும் தப்பில்லை, ஆனால் நண்பரோடு மனம்விட்டுப் பேச வந்த நாளில் இரண்டும் ஒத்துவராது.

மவுண்ட் ஃபேபர் உச்சியில் கேபிள் கார் நிலையம், குட்டி மெர்லயன் (சிங்கத்தலையும் மீன் உடலும் கொண்ட சிலை), துறைமுகத்தைப் பார்க்கும் மேடை என்று சுற்றுலாச் சாமான்கள் எல்லாம் உண்டு. கழிவறை உண்டு, தண்ணீர் வாங்கலாம். அதற்கு மேல் அங்கே நேரம் செலவிட வேண்டியதில்லை. ஒரு தகவல் மட்டும்: குன்றுக்குப் பெயர் தந்த கேப்டன் சார்லஸ் எட்வர்ட் ஃபேபர் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்தவர். உச்சியில் கொடிக்கம்ப நிலையம் அமைப்பதற்காக மேலே வண்டிப்பாதை போட்டவர்; 1845இல் குன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னையிலிருந்து விருந்தினர் வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

ஹெண்டர்சன் வேவ்ஸ்: அழகு உண்டு, அமைதி இல்லை

2008இல் திறந்த இந்தப் பாலம் 274 மீட்டர் நீளம். கீழே ஓடும் ஹெண்டர்சன் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம். சிங்கப்பூரில் நடப்பவர்களுக்கான பாலங்களில் இதுதான் மிக உயரமானது. எஃகு விலாக்கள் மேலும் கீழும் அலைபோல வளைந்து போகும், தரை பாலாவ் மரப்பலகை. அலை மேலெழும் இடங்களில் உள்பக்கம் குடைந்த மாதிரி உட்காரும் இடங்கள் இருக்கின்றன. வடிவமைப்பாளர்கள் இதை மனிதர்கள் உட்கார்ந்து பேசுவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்பது அங்கே போய் உட்கார்ந்தால் தெரியும். மேலே நிழல், முதுகுக்குச் சாய்வு, முன்னால் மரத்தலைகளும் அதற்கு அப்பால் கடலும்.

சிக்கல் என்னவென்றால், வாரயிறுதி மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை அந்தக் குடைவுகள் ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலியும் ஒரு மணப்பெண்ணும் இருப்பார்கள். கல்யாணப் படக்காரர்களைக் குறைசொல்ல முடியாது, வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா?" என்று ஒரு குரல் வந்தால் பேச்சு மீண்டும் பிடிபடுவது கடினம். பாலத்தில் விளக்கு மாலை 7 முதல் இரவு 2 மணி வரை எரிகிறது. வாரநாளில் எட்டரைக்குப் பிறகு வந்தால் கூட்டம் கலைந்திருக்கும், காற்றும் நன்றாக வரும். காலை என்றால் எட்டு மணிக்குள்.

மழை ஓய்ந்த கையோடு பலகை வழுக்கும். தேய்ந்த செருப்போடு வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அலையின் இறக்கமான பகுதியில்தான். உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் நடக்கலாம். பாலம் அகலமானது, மூன்று பேர் வரிசையாகப் போனாலும் எதிரே வருகிறவருக்கு இடம் இருக்கும். மொத்தப் பாதையிலும் மூவர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கக்கூடிய இடங்கள் குறைவு, அவற்றில் இது ஒன்று.

பாலத்தைத் தாண்டியதும் வரும் தெலுக் பிளாங்கா குன்றுப் பகுதியைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். போக வேண்டாம். உச்சியில் அரைவட்டமாகப் படிப்படியாக அமைத்த தோட்டம், காகிதப்பூச் செடிகள், சுற்றிலும் திறந்த காட்சி. ஹெண்டர்சன் வேவ்ஸில் இடம் கிடைக்காத பேச்சை இங்கே தொடரலாம். கார் நிறுத்துமிடத்தருகே கழிவறை இருக்கிறது. தண்ணீர்ப் புட்டியை ஃபேபரிலேயே நிரப்பிக்கொள்ளாதவர்கள் இங்கே யோசிப்பார்கள், ஏனென்றால் இதற்கு அடுத்து ஹார்ட்பார்க் வரை கடை கண்ணி எதுவும் இல்லை.

ஃபாரஸ்ட் வாக்: மேலே போவதா, கீழே போவதா?

பாதையின் மிகச் சிறந்த பகுதியும் மிக எரிச்சலான பகுதியும் ஒரே இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன.

மேலே இருப்பது 1.3 கிலோமீட்டர் நீளும் எஃகுப் பாலப்பாதை. தரையிலிருந்து 3 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை உயரத்தில், காட்டின் நடுவே மடிந்து மடிந்து போகிறது. சரிவு மிக மெதுவானது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் தோதாக இருக்கவே அப்படி வளைத்திருக்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் ஹார்ட்பார்க் பக்கமிருந்து ஏறிவிட்டு அதே வழியில் திரும்புவது நல்லது. மராங் பக்கம் அவர்களுக்கு வழியே இல்லை.

தரை முழுக்கக் கம்பிச் சட்டம். கால் வைக்கும்போது அடியில் காடு தெரியும். இதில் மூன்று தொல்லைகள். முதலாவது சத்தம்: ஓட்டப் பயிற்சிக்காரர் ஒருவர் வந்தாலே பாதை முழுக்க 'டங் டங்' என்று அதிரும், பேச்சு நின்றுவிடும். சனி ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இப்படித்தான். இரண்டாவது, கம்பி இடைவெளியில் குதிகால் செருப்பு மாட்டும், குடை முனை மாட்டும், கை நழுவிய சாவி காட்டுக்குள் போகும். நாய்களுக்கும் இந்தத் தரை பிடிக்காது, பாதம் நோகும். மூன்றாவது வெயில். காட்டுப் பாதை என்றதும் நிழல் இருக்கும் என்று நினைப்போம், ஆனால் பல இடங்களில் நாம் மரத்தலைக்குச் சமமாக நடக்கிறோம், நமக்கு மேலே எதுவும் இருக்காது. காலை 10 முதல் மாலை 4 வரை மேல்பாதையைத் தவிர்ப்பது நல்லது.

கீழே, அதே காட்டுக்குள், மண்பாதை ஒன்று போகிறது. படிகள் அதிகம், மழைக்குப் பிறகு சேறு, கொசுவும் எறும்பும் உண்டு. ஆனால் நிழல். மேலே ஓடுகிறவர்களின் அதிர்வு இங்கே தூரத்துச் சத்தமாகிவிடும். இருவர் ஒட்டி நடக்கும் அகலம் சில இடங்களில்தான், மற்ற இடங்களில் ஒருவர் பின் ஒருவர். அது ஒரு குறை என்று தோன்றும். சில பேச்சுகளுக்கு அது வசதி. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முன்னால் போகிறவரின் முதுகுக்குச் சொல்லிவிடலாம். உயரத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கும் இதுதான் வழி.

இது ஆதிக்காடு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குன்றுப் பக்கங்களில் காம்பியரும் (தோல் பதனிடப் பயன்பட்ட செடி) மிளகும் பயிரிட்டு, மண் சத்திழந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள். வளமில்லாத, புளிப்பேறிய அந்த மண்ணிலும் பிழைக்கக்கூடிய செடிகள் முதலில் வந்து பிடித்தன. 'தியுப் தியுப்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சிறு மரம் அதில் முக்கியமானது. ஆண்டு முழுக்கப் பூக்கும், கருவண்டுகள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தெரிந்துகொண்டு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். காதுக்கும் வேலை உண்டு. நம்மூர்க் குயிலேதான் இங்கும் கூவுகிறது, விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். திடீரென்று ஒரு கும்பல் கொக்கரித்துச் சிரிப்பது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். தலையில் வெள்ளைக் கொண்டையுள்ள சிரிப்பான் பறவைகள், கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவைகளின் வம்சம். மனதில் ஒரே நினைப்பு சுற்றும்போது, கேட்கும் குரல்கள் எத்தனை வகை என்று இருவரும் பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். செயலி வேண்டாம், பெயர் தெரிய வேண்டாம், எண்ணிக்கை போதும். கவனத்துக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது பழைய இடத்தை விடும். "எதையும் நினைக்காதே" என்று கட்டளையிட்டால் விடாது.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீள்வால் குரங்குகள் இந்தக் காட்டில் இருக்கின்றன. அவை குறிவைப்பது மனிதரை அல்ல, பிளாஸ்டிக் பையை. சரசரக்கும் பை என்றால் சாப்பாடு என்று கற்றுவைத்திருக்கின்றன. தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். கையில் எதுவும் இல்லாமல், கண்ணோடு கண் பார்க்காமல், ஓடாமல் கடந்தால் அவை கண்டுகொள்ளாது. பாவம் என்று ஒரு பிஸ்கட் கொடுத்தீர்கள் என்றால், வனவிலங்குச் சட்டப்படி முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

ஹார்ட்பார்க்கும் அதற்கு அப்பாலும்

ஃபாரஸ்ட் வாக் முடிந்ததும் 80 மீட்டர் நீளமுள்ள அலெக்ஸாண்ட்ரா ஆர்ச் பாலம், அதைக் கடந்தால் 23 ஹெக்டர் ஹார்ட்பார்க். கழிவறை, தண்ணீர், நிழலில் இருக்கைகள், சமதளம். தோட்டக்கலை மாதிரிகள் இருக்கின்றன. மாடத்தில் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளர்க்கிறவர்களுக்குப் பேச வேறு விஷயம் கிடைத்துவிடும், கவலையை மறக்க அதுவும் ஒரு வழி. குழந்தைகளோடு வருகிறவர்கள் நேராக இங்கேயே வந்து, இங்கிருந்தே திரும்பலாம்.

இங்கிருந்து மேற்கே மேடேறினால் கெண்ட் ரிட்ஜ் பூங்காவின் 280 மீட்டர் கேனப்பி வாக். அதன் முனையில் ரிஃப்ளெக்‌ஷன்ஸ் அட் புக்கிட் சாண்டு. 1942 பிப்ரவரி 14 அன்று, சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள், மலாய் படையின் ஒரு சிறு பிரிவு லெப்டினன்ட் அட்னான் சைடியின் தலைமையில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட குன்று அது. வரலாறு பிடித்தவர்கள் அந்தச் சிறு காட்சியகத்துக்காகத் தனி நாள் ஒதுக்கலாம். மனப்பாரத்தோடு வந்த நாளில் போருக்குள் நுழைய வேண்டாம்.

எங்கள் பார்வையில் இந்த வலைப்பின்னலின் உண்மையான புதையல் தெற்கே இருக்கிறது, விளம்பரத்தில் அதற்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். சர்க்கிள் பாதையில் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கினால், வாசலுக்குப் பக்கத்திலேயே பெர்லயர் கிரீக். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டருக்கு அலையாத்திக் காட்டின் ஊடே மேடைப்பாதை. ஏற்றம் இல்லை, கம்பிச் சத்தம் இல்லை, முக்காலி இல்லை. நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் தாவும் சிறு மீன்கள், வேர்களுக்கிடையே உடும்பு, ஓரமாக ஒற்றைக் காலில் நாரை. சிங்கப்பூரின் தென்கரையில் மிஞ்சியிருக்கும் அலையாத்திக் காடுகள் இரண்டே இரண்டு; அதில் இது ஒன்று. அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு இறங்கி, ஏழு மணிக்குக் கடலைப் பார்த்து நின்றுவிடலாம். சூரியன் இங்கே ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஏழு மணிக்கே மறைவதால் காலண்டர் பார்க்கத் தேவையில்லை.

யாரோடு, எப்படி

இரண்டு பேர் உத்தமம். நான்கு பேர் வந்தால் இயல்பாக இரண்டிரண்டாகப் பிரிந்துகொள்வார்கள், நடுவில் ஜோடி மாறலாம். மூன்று பேர்தான் தகராறு: பாதை குறுகும்போதெல்லாம் ஒருவர் பின்னால் போவார், பெரும்பாலும் அதே ஒருவர். தனிமையாக உணர்கிறவரை அழைத்துவந்து பின்னால் நடக்கவிட்டால் வந்த நோக்கமே போச்சு. எனவே மூவர் என்றால் ஒவ்வொரு பாலத்திலும் இடம் மாறிக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் போனால் அது சுற்றுலா. நன்றாகவே இருக்கும், ஆனால் யாரும் எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் "சனிக்கிழமை யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்பதைவிட ஒருவரை நேரில் அழைத்து நாளும் நேரமும் வாசலும் சொல்லிவிடுவது பலிக்கும். வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஏற்பாடு செய்யும் தொல்லை போய்விடும். நடை நின்றுபோவதற்குச் சோம்பலைவிட அந்த ஏற்பாட்டுத் தொல்லைதான் பெரிய காரணம்.

பேச்சில் அடிக்கடி நடக்கும் கோளாறு அறிவுரை. ஒருவர் பாதி சொல்வதற்குள் மற்றவர், "நீ என்ன பண்ணணும்னா..." என்று ஆரம்பித்துவிடுவார். இதற்குப் பாதையையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: ஹெண்டர்சன் வேவ்ஸிலிருந்து ஃபாரஸ்ட் வாக் பாதிவரை ஒருவர் முறை, அங்கிருந்து ஹார்ட்பார்க் வரை மற்றவர் முறை. கேட்கிறவர் கேள்வி கேட்கலாம், தீர்வு சொல்லக் கூடாது. தீர்வெல்லாம் கடைசியில் தேநீரோடு. செயற்கையாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது. எப்போதும் கேட்கிறவராகவே இருக்கும் நண்பருக்கும் இதனால் அரை மணி நேரம் கிடைக்கிறது.

கைப்பேசியைப் பையில் போடுங்கள், அணைக்க வேண்டாம். மழை எச்சரிக்கை பார்க்க அது தேவைப்படும்.

என்னென்ன எடுத்துக்கொள்வது என்றால், ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் ஒரு லிட்டர். அடிப்பாகம் தேயாத காலணி. வியர்வைத் துண்டு. மண்பாதையில் இறங்குவதாக இருந்தால் கொசு மருந்து. குடையைவிட மெல்லிய மழைக்கோட்டு மேல், ஏனென்றால் மழையோடு காற்றும் வரும், உயரத்தில் குடை திரும்பிக்கொள்ளும். முழு நாள் உணவு கட்டிக்கொண்டு வருவது தேவையில்லாத சுமை.

சிங்கப்பூர் மழையின் பெரிய ஆபத்து இடி மின்னல். பிற்பகலில் திடீரென்று கருக்கும். முகட்டிலும் எஃகுப் பாலத்திலும் அப்போது நிற்கக் கூடாது, ஃபாரஸ்ட் வாக்கில் ஒதுங்க இடமும் இல்லை. முதல் இடிச்சத்தம் கேட்டதுமே அருகிலுள்ள பக்கம் இறங்கிவிடுங்கள், ஹார்ட்பார்க் பக்கம் என்றால் கட்டடத்துக்குள் போகலாம். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க மழை பிடித்துக்கொள்வதுண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்துவிட்டு ஓரிரு மணி நேரத்தில் வெளுத்துவிடும்; அந்த நாளை ரத்து செய்யாமல் ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்தால் போதும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நடப்பதை விட்டுவிட்டு வேறெங்காவது உட்கார்ந்து பேசுங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் எந்தப் பகுதி பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது அவசியம். பாதி வழியில் தடுப்பு வைத்திருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும்.

நடைக்கு ஓர் எல்லை உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது அன்றாடக் கவலை இல்லை. அதற்கு மருத்துவர் வேண்டும். சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுதும் இயங்குகிறது. தற்கொலை எண்ணம் என்றால் 1767. நடக்கும்போது நண்பர் இப்படி ஏதாவது சொன்னால், பேச்சை மாற்றாமல், அங்கேயே நின்று, அந்த எண்ணை அழைக்கத் துணையாக இருங்கள்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால்

சமதளமும் இருக்கைகளும் மட்டும் போதும், ஏற்றமே வேண்டாம் என்றால் தாவரவியல் பூங்கா மேல். 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது, காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். வயதானவர்களோடு நடக்க அதற்கு நிகரில்லை. ஆனால் பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிவதால் 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வி பேச்சை அடிக்கடி வெட்டும். சதர்ன் ரிட்ஜஸில் வழி ஒன்றே, கால் தானாகப் போகும்.

மெக்ரிச்சியின் 250 மீட்டர் தொங்குபாலம் புகழ்பெற்றது. ஒருவர் பின் ஒருவராக, ஒரே திசையில்தான் போக வேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். அதுவரை போய்த் திரும்பும் காட்டு வழி அருமை, ஆனால் அரைநாள் வேலை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடல் காற்று உண்டு, மிதிவண்டி மணியும் உண்டு. பழைய மலாயா ரயில் தடத்தில் அமைந்த 24 கிலோமீட்டர் ரயில் பாதை நடைவழி நீளமானது, தட்டையானது, ஓரிரு கிலோமீட்டர் நடந்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் வெளியேறலாம். சதர்ன் ரிட்ஜஸுக்கு உண்மையான போட்டி அதுதான். வாரநாளில் அதற்கும், வாரயிறுதிக் காலையில் இதற்கும் எங்கள் வாக்கு.

வாரநாள் மாலை ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் குன்றுப் பக்கமே போகாதீர்கள். லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கி பெர்லயர் கிரீக், அதன் பிறகு புக்கிட் செர்மின் கடலோர மேடைப்பாதை, கெப்பல் பே வழியாகக் கிழக்கே நடந்தால் ஹார்பர்ஃபிரண்ட் வந்துவிடும். பேருந்து முனையத்துக்குப் பக்கத்தில் சியா இம் உணவங்காடி நிலையம். துப்புரவு நாளாக இல்லாவிட்டால் ஆளுக்கொரு தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சொல்லிவிட்டு, நிறுத்திவைத்த அறிவுரைகளை அங்கே ஆரம்பிக்கலாம்.